பிறர் உண்ட மருந்து

குழந்தைக்குக் கொடிய நோய் வந்தால் ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்கு நம் வீடுகளில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: முன்வினை. இந்தப் பிறவியில் பாவம் செய்ய அதற்கு வயதில்லை, ஆகவே போன பிறவியில் செய்திருக்க வேண்டும். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் அந்தப் பதிலுக்குள் ஒரு நியாயவேட்கை இருக்கிறது. செய்யாத குற்றத்துக்கு யாரும் தண்டனை அனுபவிப்பதில்லை என்ற நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் தொட்டில் குழந்தையின் தலையிலும் ஒரு பழைய குற்றத்தை ஏற்றி வைக்கிறோம். அந்த ஏற்றிவைத்தல் சரியா என்பதுதான் என் கேள்வி. அதைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைகளே வரும். நியூமோகாக்கஸ் என்ற ஒரு குறிப்பிட்ட கிருமியை எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் நுரையீரலில் நிமோனியாவாகவும், மூளையுறையில் மூளைக்காய்ச்சலாகவும், ரத்தத்தில் நஞ்சாகவும் இறங்குவது அது. அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போன வரலாற்றைப் படித்தால், மருந்தைத் தின்றவர் ஒருவர், பலனை அனுபவிப்பவர் வேறொருவர் என்பது தெளிவாகத் தெரிகிறது. கர்மத்தை ஆளுக்கொரு பேரேடாகவே எழுதிவந்த பழக்கத்துக்கு இது சின்ன நெருக்கடி அல்ல.

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கூடுதல் பொருத்தம் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருப்பவர் லட்சுமியோடு கூடிய வராகமூர்த்தி. கஜேந்திரனையும் பிரகலாதனையும் காத்த கதைகளில் அழைத்தவர் ஒருவர், காக்கப்பட்டவரும் அவரே. வராகக் கதையில் அப்படித் தனி ஆள் யாரும் இல்லை. கடலுக்குள் போன பூமியைக் கொம்பில் ஏந்தி எடுக்கிறார் கடவுள். அதன்மேல் இருந்த நல்லவன், கெட்டவன், பிறக்கப்போகிறவன் எல்லாரும் சேர்ந்தே மேலே வருகிறார்கள். தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துத் தூக்க வழியில்லாத பொருள் ஒன்று உண்டு என்று அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. மூழ்குவதும் சேர்ந்துதான், எழுவதும் சேர்ந்துதான். தனிமனித வினைக் கணக்குக்குள் அடங்காத இந்த இடத்தை நம் தத்துவ விவாதங்கள் அதிகம் தொடவில்லை என்பது என் எண்ணம்.

அதே நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்கு எஸ்.ஏ.டி. என்று பெயர். 1952இல் திறக்கப்பட்ட அந்த ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை, 1944இல் ஆறு வயதில் வாத இதயநோயால் இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசரின் பெயரைத் தாங்கியது. இதயத்தைக் கெடுக்கும் அந்த நோயைத் தொடங்கிவைப்பது நியூமோகாக்கஸின் ஒன்றுவிட்ட உறவான ஒரு தொண்டைக் கிருமி. பெனிசிலினுக்கு இன்றுவரை அடங்குவது. ஆனால் 1944இல் பெனிசிலின் பெரும்பாலும் போர்முனைக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தியாவில் அதைத் தயாரிக்க பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது 1954இல்தான். அரண்மனைக் குழந்தைக்கே எட்டாத ஒன்று அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் கிடைத்தது. அந்தக் குழந்தைகளின் முன்வினை அதற்குள் குறைந்துவிட்டதா? குறைந்தது நோயின் பலம், கூடியது மனிதர்களின் கைத்திறன். நோய்க்கும் சாவுக்கும் இடையே மனிதச் செயல் நுழைந்துவிட்ட காலத்தில், செயல் தவறினால் அதன் பொறுப்பும் மனிதர்களிடம்தான் வந்து சேரும்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதை முதலிலேயே உணர்ந்திருந்தார். 1945 டிசம்பரில் நோபல் உரையில் அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்கிறது என்று கணவன் தானே பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவு எடுத்துக்கொள்கிறான். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. மருந்து பலிக்கவில்லை, அவள் இறக்கிறாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவன்தான் என்று பதிலும் சொன்னார். ஒரு விஞ்ஞானியின் உரைக்குள் வினைக்கொள்கையின் மையக் கேள்வி இப்படி வந்து உட்கார்ந்தது. ஃபிளெமிங்கின் கதையில் ஒரு குறை உண்டு. அதில் ஒரே கணவன், ஒரே மனைவி. யாரிடமிருந்து யாருக்கு என்பது தெரியும். நடைமுறையில் கணவர்கள் கோடிக்கணக்கில், மனைவியின் இடத்தில் இருப்பது பெரும்பாலும் முகம் தெரியாத ஒரு குழந்தை. நடுவில் எத்தனை மூக்கு, எத்தனை தும்மல், எத்தனை அங்கன்வாடி என்று யாராலும் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியாது.

நியூமோகாக்கஸ் இந்த மறைவுக்கென்றே அமைந்ததுபோல் வாழ்கிறது. ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்குக்குப் பின்புறம் அது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். அங்கிருந்தே அடுத்த குழந்தைக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் போகும். எப்போதோ சில குழந்தைகளிடம்தான் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் இறங்குகிறது. அதன் மேலுறையின் சர்க்கரைப் பூச்சை வைத்து நூறு ரகங்களுக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். 1928இல் லண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித் எலிகளில் செய்த சோதனை, செத்த நியூமோகாக்கஸின் குணம் உயிருள்ள நியூமோகாக்கஸுக்குப் போவதைக் காட்டியது. அப்படிப் போகும் பொருள் டிஎன்ஏ என்று நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரி குழுவினர் நிறுவியது 1944இல். மரபணு என்றால் என்ன என்று மனித இனம் தெரிந்துகொண்டது இந்தக் கிருமியிடமிருந்துதான். இதே திறமையால்தான் அது பெனிசிலினையும் சமாளிக்கிறது: தொண்டையில் சாதுவாகக் கிடக்கும் பிற கிருமிகளின் மரபணுத் துண்டுகளை வாங்கி ஒட்டுப்போட்டுத் தன் சுவரைக் கட்டும் புரதங்களை மாற்றிக்கொள்கிறது. செத்தவனின் வினை இருப்பவனைச் சேர்வது அந்த உலகத்தில் உவமை அல்ல, இயல்பு. நாம் இருமலுக்கு விழுங்கும் மாத்திரை நோய் செய்யும் கிருமியோடு நிற்பதில்லை. இந்தச் சாதுக் கிருமிகளையும் தேர்வு செய்து வைக்கிறது, பிற்பாடு நியூமோகாக்கஸ் கடன் வாங்கிக்கொள்ள.

நம் நாட்டுக் கணக்கைப் பார்க்கலாம். 1993 முதல் 1997 வரை வேலூர், திருவனந்தபுரம் உள்ளிட்ட ஊர்களின் ஆறு மருத்துவமனைகளில் நடந்த கண்காணிப்பில் 314 நோயாளிகளின் ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் நியூமோகாக்கஸ் பிடிபட்டது. பெனிசிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டியவை 1.3 சதவீதம். கோ-டிரைமாக்சசோலுக்கு அடங்காதவை 56 சதவீதம். 2011 முதல் 2015 வரை 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த இன்னொரு பல மருத்துவமனை ஆய்வில் பெனிசிலினுக்கு எதிர்ப்பு 8 சதவீதம், எரித்ரோமைசினுக்கு 37, கோ-டிரைமாக்சசோலுக்கு 66. நடுவே அளவுகோல்கள் மாறியதால் பெனிசிலின் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. திசை மட்டும் தெளிவு. எரித்ரோமைசினின் குடும்பத்தைச் சேர்ந்தது அசித்ரோமைசின். 2019இல் இந்தியாவின் தனியார் சந்தையில் மிக அதிகமாக உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. மூன்று நாள் போட்டால் போதும் என்பதால் மக்களுக்குப் பிடித்தது. அது உடலில் மெல்லத்தான் கரைகிறது. கொல்லப் போதாத, பழக்கப் போதுமான அளவில் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. பெரியவர்கள் தொண்டைக் கரகரப்புக்கு எடுத்துக்கொண்ட மாத்திரையின் சுவடு, குழந்தைகளின் மூளைத் தண்டுவட நீரில் சதவீதமாக எழுந்து நிற்கிறது. குழந்தை பிழைத்தாலும் அதற்கு விலை உண்டு. மூளைக்காய்ச்சல் என்றால் செஃப்ட்ரியாக்சோனை மட்டும் நம்ப முடியாமல் வான்கோமைசினையும் சேர்த்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், நரம்பு வழியே மருந்து இறங்கும் நாள்களுக்குப் படுக்கை வேண்டும், பணம் வேண்டும்.

இங்கே முன்வினைக்காரர் எழுந்து நிற்பார். மாத்திரை தின்ற பெரியவர் வெறும் நிமித்தம், குழந்தைக்கு வரவேண்டியது எப்படியாவது வந்திருக்கும் என்பார். இந்த வாதம் உறுதியானதுபோல் தோன்றும், ஆனால் தன் வீட்டையே இடித்துவிடும். கொலைகாரனும் நிமித்தம்தான், திருடனும் நிமித்தம்தான் என்றால் யாருக்கும் புதிய பாவமே சேராது. புதிய பாவம் சேராவிட்டால் அடுத்த பிறவிக்கு முன்வினை எங்கிருந்து வரும்? கர்மக் கொள்கை ஓடவேண்டுமானால் இடையில் நிற்பவன் செய்தது செயல் என்று ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு குழந்தையின் பழைய குற்றத்தைத் தேடும் வேலை அவசரமானதாக இல்லை. நம் கைக்கெட்டும் குற்றம் ஒன்று முன்னால் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு எட்டாத பிறவியில் தேடுவது தத்துவம் என்ற போர்வையில் செய்யும் தப்பித்தல்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. யாரும் குழந்தையைக் கொல்ல நினைத்து அசித்ரோமைசின் தின்னவில்லை. நோக்கமில்லாத இடத்தில் பாவமேது? வினையை மனத்தின் நோக்கத்தில் வைக்கும் பௌத்தம் இந்தப் பக்கம் நிற்கிறது. சமணர்கள் விடவில்லை. சூத்ரகிருதாங்கம் என்ற அவர்களுடைய ஆகமத்தில் ஒரு குரூரமான கேலி வருகிறது: சுரைக்காய் என்று நினைத்துக் குழந்தையைச் சுட்டுவிட்டவனுக்குப் பாவமில்லை என்று பௌத்தர்கள் சொல்வார்களாம். எதிராளியின் கொள்கையைக் கோமாளியாக்கும் வாத உத்திதான் அது, பௌத்தர்களுக்கு நியாயம் செய்யவில்லை. அதில் ஓர் உண்மை மட்டும் சிக்கியிருக்கிறது. சுரைக்காயா குழந்தையா என்று பார்க்கும் வசதி இருந்தும் பார்க்காமல் அடுப்பில் வைத்தவனை, நோக்கம் இல்லை என்ற ஒரே காரணத்தால் விட்டுவிட முடியாது. 1945இல் ஃபிளெமிங் சொல்லியாயிற்று. 1977இல் டர்பனில் பெனிசிலினுக்கு அடங்காத நியூமோகாக்கஸால் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் இறந்ததை மருத்துவ உலகம் படித்தாயிற்று. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு செயல்தான்.

செயலைப் பலருக்குப் பங்கிடும் முறையும் நம் மரபுக்குப் புதிதல்ல. புலால் பற்றிய விவாதத்தில் அது முழுமையாக வளர்ந்திருக்கிறது. அனுமதித்தவன், வெட்டியவன், கொன்றவன், வாங்கியவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறியவன், தின்றவன் என எட்டுப் பேரையும் கொன்றவர்கள் என்றே மனுதர்மம் எண்ணுகிறது. மனுவின் பல பக்கங்களோடு எனக்கு ஒத்துவராது. இந்தப் பட்டியலின் கணித அறிவை மறுக்க முடியவில்லை. தின்பதற்காகக் கொல்பவர் இல்லையென்றால் விலைக்குத் தருபவரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் வாதிடுவதும், நான் கொல்லவில்லை வாங்கித்தான் தின்கிறேன் என்னும் சமாதானத்தை நீலகேசி பௌத்தரோடு வாதிட்டு உடைப்பதும் இதே தர்க்கத்தில்தான். வாங்குவது செயல், தேவையை உண்டாக்குவது செயல். இதை மாத்திரைக்குக் கொண்டுவர ஏன் தயங்குகிறோம்? வைரஸ் சளி என்று தெரிந்தும் எழுதிக்கொடுக்கும் மருத்துவர், எழுதாவிட்டால் வேறு டாக்டரிடம் போய்விடுவேன் என்று நிற்கும் நோயாளி, சீட்டில்லாமல் அட்டையைக் கத்தரித்துத் தரும் கடைக்காரர், இலக்கு வைத்து விற்கும் நிறுவனம், தீவனத்தில் கலக்கும் கோழிப்பண்ணைக்காரர், இதையெல்லாம் பார்த்தும் பாராமல் இருக்கும் அதிகாரி. பட்டியல் எட்டைத் தாண்டிவிடும். மாமிசம் தொடாத வீடுகளின் மருந்துப் பெட்டியில் அந்தப் பாதி அட்டை கிடப்பதை நினைத்தால், நாம் எந்தக் கொலைகளை மட்டும் எண்ணப் பழகியிருக்கிறோம் என்பது புரிகிறது.

என் ஒரு மாத்திரையால் என்ன கெட்டுவிடும் என்பது எல்லாரும் சொல்லும் மறுப்பு. கோடியில் ஒரு பங்கு பாவம் பூஜ்ஜியத்துக்குச் சமம் என்பது அதன் கணக்கு. கோயில் குளத்தில் ஒருவர் சோப்புப் போடுவதுபோல் இதுவும் நீரில் கரைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். குளத்தில் போட்டது நேரம் செல்லச் செல்ல நீர்த்துப்போகும்; கிருமியில் தேர்வானது பெருகும். சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்ட ஒரு தனி ஆளின் உடலிலேயே அந்த மருந்தை எதிர்க்கும் கிருமிகள் கூடுவதையும், அந்த விளைவு 12 மாதம் வரை நீடிக்கக்கூடியதையும் 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அவர் மடியில் எத்தனை குழந்தைகள் உட்கார்ந்து எழுந்திருக்கும்?

எனக்கு உண்மையிலேயே கடினமான மறுப்பு வேறொன்று. மூச்சு வாங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாயிடம் பொதுநலம் பேசலாமா? முகமறியா எதிர்காலக் குழந்தைக்காக இந்தக் குழந்தைக்கு மருந்தை மறுப்பது தர்மமா? மறுப்பது அதர்மம், இதில் எனக்குச் சந்தேகமில்லை. 2015இல் நியூமோகாக்கஸால் இறந்த 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் என்றும், அதில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 68,000 என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இவர்களில் பலர் எதிர்ப்புக் கிருமியால் இறக்கவில்லை, சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைக்காமல் இறந்தவர்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அமாக்சிசிலின் தாமதமாகக்கூடாது. ஆகவே தாய்க்கும் எதிர்காலக் குழந்தைக்கும் இடையே சண்டை மூட்டுவது தவறான தொடக்கம். வீணாகும் மருந்தில் பெரும்பகுதி அந்தத் தாயின் கையில் இல்லை. காத்திருக்கவும் சோதிக்கவும் வசதி உள்ளவர்களின் கையில் இருக்கிறது. பங்கு எல்லாருக்கும் உண்டு என்றால் சமமான பங்கு என்று பொருளாகாது. அறிவும் அதிகாரமும் யாரிடம் கூடுதலோ பாவமும் அங்கே கூடுதல். கேரளம் 2018இல் மாநில அளவில் கிருமிகளின் மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் செயல்திட்டம் ஒன்றை முதன்முதலாக வகுத்ததும், 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் சீட்டில்லாமல் விற்கும் மெடிக்கல் ஷாப்புகளைச் சோதிக்கத் தொடங்கியதும், ஆன்டிபயாடிக்கை நீலக் கவரில் போட்டுத் தரச் சொன்னதும் இந்தப் படிநிலையைப் புரிந்துகொண்ட வேலைகள். உபதேசத்தைத் தாய்க்கும் சட்டத்தைக் கடைக்காரருக்கும் தருவது சரியான பங்கீடு.

பாவம் இப்படிப் பரவும் என்றால் புண்ணியமும் பரவ வேண்டும். பரவுகிறது, அளந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2000இல் ஏழு ரக நியூமோகாக்கஸ் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். 1999க்கும் 2004க்கும் இடையே பெனிசிலினுக்கு அடங்காத ரகங்களால் வரும் கடும் நோய் 2 வயதுக்குட்பட்டவர்களிடம் 81 சதவீதம் குறைந்தது. ஊசியே போட்டுக்கொள்ளாத 65 வயதைத் தாண்டியவர்களிடமும் 49 சதவீதம் குறைந்தது. பேரக்குழந்தையின் தொடையில் போட்ட ஊசி தாத்தாவின் நுரையீரலைக் காத்தது. தாத்தாவின் மாத்திரை பேரக்குழந்தையைக் கெடுப்பதற்கு நேர்மாறான பாதை இது, அதே மூக்கு, அதே மூச்சு. நியூமோகாக்கஸும் சும்மா இருக்கவில்லை. தடுப்பூசியில் இல்லாத 19ஏ ரகம் பெருகியது, பிறகு அதையும் ஊசியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கிய இலவச ஊசி 2021 அக்டோபரில் கேரளத்துக்கு வந்தது: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம். அதற்கு முன் தனியார் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டுக்கொள்ள முடிந்தவர்களின் குழந்தைகளுக்கே கிடைத்தது. யாருக்குத் தீங்கு செய்தோம் என்று தெரியாதபோது பிராயச்சித்தம் எப்படிச் செய்வது என்ற பழைய சிக்கலுக்கு இதில் ஒரு விடை கிடைக்கிறது. முன்னோர்க்குப் பட்ட கடனைப் பிள்ளைகளை வளர்த்துத் தீர்ப்பதாகக் கொண்ட மரபு நம்முடையது. கடன் கொடுத்தவரும் திருப்பி வாங்குபவரும் ஒருவராக இருக்கத் தேவையில்லை என்பதை அது என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

கடைசியாக ஒரு மறுப்பு, என் வாதத்தின் அடித்தளத்தையே தொடுவது. கிருமியின் எதிர்ப்பு மனிதன் உண்டாக்கியதே அல்ல என்பது அது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் 1940இலேயே, மருந்து மக்களிடம் வருவதற்கு முன்பே கண்டார்கள். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்தன. உண்மைதான். ஆற்றல் இயற்கையுடையது, குழந்தைகளைத் தாக்கும் கிருமிகளில் அது எத்தனை சதவீதம் என்பது நம்முடையது. ஒரு குழந்தைக்கு ஏன் கிருமி இறங்கியது, பக்கத்துக் குழந்தைக்கு ஏன் மூக்கோடு நின்றது என்ற கேள்விக்கு இந்த வாதத்தில் பதில் கிடையாது. அந்த மிச்சத்துக்கு முன்வினை என்றோ, திருவுள்ளம் என்றோ, தற்செயல் என்றோ அவரவர் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிச்சம் எவ்வளவு என்று தெரிய, முதலில் நம் பங்கைக் கழிக்க வேண்டும். கழித்துப் பார்த்த நாடு உண்டு. பின்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் எரித்ரோமைசின் வகை மருந்துகளின் பயன்பாட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள்; தொண்டைக் கிருமியில் அந்த மருந்துக்கு இருந்த எதிர்ப்பு 1992இல் 16.5 சதவீதத்திலிருந்து 1996இல் 8.6 சதவீதத்துக்கு இறங்கியது. எல்லா மருந்துக்கும் எல்லாக் கிருமியிலும் இப்படி நடப்பதில்லை, சில எதிர்ப்புகள் மருந்தை நிறுத்திய பிறகும் பல்லாண்டு தங்கிவிடுகின்றன. ஆனால் பின்லாந்தில் குறைந்த அந்தப் பாதியை யாருடைய முன்வினையின் கணக்கில் எழுதுவது என்று முன்வினைக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.